கல்லில் பொய் வெட்டுவதில்லை

மார்ச் 4

மச்சானுக்கு,

இது என் கையெழுத்து. நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன். இது என் கையெழுத்து.

இவ்வளவு எழுதுவதற்குள் என் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. எழுபத்துமூன்று வயது ஆளை ஆறின டீ ஒன்றும் செய்யாது.

பத்தொன்பது வருஷமாக நான் உங்களோடு பேசவில்லை. இப்போதும் பேசப்போவதில்லை. எழுதுவது பேச்சில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். என் மகளை உங்கள் பெரியவனுக்குக் கேட்டு வந்த அன்று, கையில் இருந்த தம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் "அது நடக்காது மாப்பிள்ளை" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "நடக்காதுன்னா நடக்காது" என்றீர்கள். செத்துப்போன தங்கச்சியின் மகளை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கொடுக்காத ஆளோடு எனக்கு என்ன பேச்சு என்று எழுந்து வந்தேன். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. முப்பது வருஷம் நீங்கள் கல்லில் எழுத்து வரைந்தீர்கள். நான் அதை வெட்டினேன். அதில் ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது முழுசாகத் தெரிந்த ஆள் நீங்கள்தான்.

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. ஐந்து மாதமாகப் போகிறேன். ஒரு கொத்தனார், மீன் விற்கிற அம்மா, ஆஸ்பத்திரியில் கூட்டுகிற பெண், நான். டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். முதல் நாள் புத்தகத்தைக் கொடுத்தாள். வாங்கித் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"தாத்தா, புத்தகம் தலைகீழா இருக்கு."

"எனக்கு இதுதாம்மா நேர்."

எல்லாரும் சிரித்தார்கள். மீன்கார அம்மாவுக்கு இருமலே வந்துவிட்டது. நான் விளக்கினேன். எங்கள் பட்டறையில் ஒரு கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்வோம். எழுத்துக்காரர் கல்லின் காலடியில் உட்கார்ந்து சிவப்புச் சாக்கால் வரைந்துகொண்டே போவார். நான் எதிரே, தலைமாட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டே வருவேன். அதனால் எந்த எழுத்தையும் நான் நேராகப் பார்த்தது கிடையாது. டீச்சர் தலையைச் சாய்த்துத் தலைகீழாக ஒரு வரி வாசித்துப் பார்த்தாள். பிறகு, "சரி, அப்படியே படிங்க. அப்புறம் திருப்பிக்கலாம்" என்றாள். மூன்று வாரம் தலைகீழாகவே படித்தேன். மச்சான், என் கைக்கு எல்லா எழுத்தும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எதற்கு எத்தனை கொத்து, எங்கே உளியைச் சாய்க்க வேண்டும், எல்லாம் தெரியும். அதன் சத்தம் மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

இப்போது தினமும் காலையில் கிளம்பி நான் வெட்டினதையெல்லாம் வாசித்துக்கொண்டு நடக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல், பாலம், வங்கிப் படிக்கட்டு. தண்ணீர்த் தொட்டிக் கல்லில் உங்கள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. "தலைமைப் பொறியாளர்" என்று இரண்டு முறை வரைந்திருக்கிறீர்கள். நானும் இரண்டு முறை வெட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் இரட்டைச் சம்பளம் கேட்காமல் போனதே பெரிசு.

ஒன்றை மட்டும் இன்னும் வாசிக்கவில்லை. உங்கள் தங்கச்சியின் கல்லறைக் கல். தட்டில் இனிப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிடுவது போல அதை வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

போன் செய்யாதீர்கள். எழுதுங்கள். எனக்கு என்று வந்த கடிதத்தை நானே பிரித்து நானே வாசிக்க வேண்டும். பெரிய எழுத்தாக எழுதுங்கள். பெரியவன் எப்படி இருக்கிறான்? இன்னும் லிஃப்ட் ரிப்பேர் என்று மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறானா?

இப்படிக்கு,
உளிக்காரன்

(இந்தக் கடிதம் முடிக்க மூன்று நாள் ஆனது.)


மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்லப் பெரியவன் எழுதுகிறான். என் கண் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை. பார்க்கிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதைச் சுற்றி ஓரம் மட்டும் தெரிகிறது. ஒரு முகத்தைப் பார்த்தால் இரண்டு காது தெரியும், மூக்கு தெரியாது. ஆயுசு முழுக்க எழுத்து வரைந்தவனுக்கு இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் படிக்கிற நேரத்தில் நான் படிக்காதவன் ஆகிவிட்டேன். எங்கேயோ யாரோ தராசு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தலைகீழ்ப் புத்தகம் வந்த இடத்தில் பெரியவனால் வாசிக்க முடியவில்லை, அப்படிச் சிரித்தான். பொறியாளர் விஷயம் எனக்கு அன்றே தெரியும். சொன்னால் கல்லை என் தலையில் போட்டிருப்பீர்கள் என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை, ஒன்று கேட்கிறேன். கல்லறைக்கு இப்போது போக வேண்டாம். அந்தச் சரிவு வழுக்கும். உங்கள் முழங்கால் எனக்குத் தெரியும். மழை விடட்டும். நானே வருகிறேன், பெரியவன் கூட்டிக்கொண்டு வருவான். இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அதுவரை மற்றக் கல்லையெல்லாம் வாசியுங்கள், ஊரில் கல்லுக்கா பஞ்சம். இவ்வளவு நாள் பொறுத்தவர் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

தயவுசெய்து போகாதீர்கள்.

உங்கள் மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டேன்.

மழை இல்லை. முழங்காலும் நன்றாகத்தான் இருந்தது. வாளியில் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோனேன். எப்போதும் போலத் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து பாசியைத் தேய்த்தேன். எனக்கு அந்தப் பக்கம்தானே நேர். முதல் வரி, "இங்கே உறங்குகிறாள்." சத்தமாக வாசித்தேன். இரண்டாவது வரி, "உளிக்காரனின் மனைவி." அதை இரண்டு முறை வாசித்தேன். என்னைக் கல்லில் வாசிக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. மூன்றாவது வரியையும் அதே சிரிப்போடுதான் ஆரம்பித்தேன்.

"இரு பிள்ளைகளின் தாய்."

எழுத்துக் கூட்டுவதில் தப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து போய்க் காலடிப் பக்கம் நின்று வாசித்தேன். அப்படியேதான் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினேன். என் உளிதான். என் ஆழம்தான்.

எனக்கு ஒரு மகள்தான் மச்சான். ஒன்றே ஒன்று.

பிரஷை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. "ஒரு மகளின் தாய்" என்று எழுதுங்கள் என்றேன். நீங்கள் குனிந்து வரைந்துகொண்டே இருந்தீர்கள். வரி நான் நினைத்ததைவிட நீளமாகப் போனது. கேட்டேன். "வாயில சொல்லும்போது சின்னது மாப்பிள்ளை, எழுத்துல வரும்போது நீளும்" என்றீர்கள். வெட்டுவதற்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொன்னேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கல்லையும் வாசித்துக் காட்டாமல் தொட மாட்டேன். எடையில் ஏமாற்றின அந்தத் தானியக் கடைக்காரனுக்கு "ஏழைகளின் தோழர்" என்று போடச் சொன்னபோது உளியைக் கீழே வைத்துவிட்டேன் அல்லவா. கல்லில் பொய் வெட்டுவதில்லை என்றேன். நீங்கள் அரை நாள் என்னைத் திட்டினீர்கள்.

அவள் கல்லையும் வாசித்தீர்கள். "ஒரு மகளின் தாய்" என்று உங்கள் வாயால் வாசித்தீர்கள்.

நேற்று என் மகளுக்குப் போன் செய்தேன். கல் நட்ட அன்று அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடப் பெருமைக்காக அவளையும் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னேன். அவளும் "ஒரு மகளின்" என்றுதான் வாசித்தாள். ஏன் என்று இப்போது கேட்டேன். சொன்னாள்: "மாமா அழுதுக்கிட்டே தப்பா எழுதிட்டாருன்னு நினைச்சேன்பா. நீங்க அவரைத் திட்டிடுவீங்கன்னு மாத்திப் படிச்சேன். பெரியவளானதும், எனக்கு முன்னால ஒண்ணு பிறந்து செத்துருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டா உங்களுக்கு வலிக்கும்."

வாசிக்கத் தெரிந்த எல்லாருக்கும் அந்தக் கல் முப்பத்துமூன்று வருஷமாகத் தெரியும். வெட்டினவனுக்கு மட்டும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை போய் எழுத்து மங்கக் கூடாது என்று ஆழப்படுத்திவிட்டு வேறு வந்திருக்கிறேன்.

மச்சான், பொறியாளரை இரண்டு முறை வரைந்தவர் நீங்கள். இதுவும் அப்படி ஒரு கைப்பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்பிவிடுகிறேன். உளியை எடுத்துக்கொண்டு போய் அந்த வரியை எடுத்துவிடுகிறேன். பிழை இல்லை என்றால் அந்த இன்னொரு பிள்ளை யார் என்று எழுதுங்கள்.

வகுப்புக்கு நான் போகவில்லை. மீன்கார அம்மா வீட்டுக்கு வந்து, "என்ன, பரிட்சைக்குப் பயமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உளிக்காரன்


மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்றும் பெரியவன் கைதான். உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் கல்லறைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நல்லதாயிற்று. நான் வருகிறவரை போக வேண்டாம்.

பரிட்சை என்று யாரோ கேலி செய்தார்களாமே. எழுதிப் பாருங்கள். தோற்றால் மறுபடி ஒரு வருஷம் படிக்கலாம், உங்களுக்கு நஷ்டமா. கொத்தனார் பக்கத்தில் உட்காராதீர்கள், அந்த ஜாதிக்காரர்கள் சுவரைக்கூடப் பார்த்து எழுதுவார்கள். (கொத்தனாரைத்தான் சொன்னேன், கல் வெட்டுகிறவரைச் சொல்லவில்லை.)

கண் டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். கண்ணுக்குள்ளேயே போடுவார்களாம். பெரியவன் சரி என்கிறான். ஊசி அவன் கண்ணில் இல்லையே.

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் உங்கள் கடிதம் வருகிற சத்தம் வாசலில் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

உங்கள் மச்சான்


மார்ச் 24

மச்சானுக்கு,

மழை பெய்தது என்று நான் எழுதவே இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபம் வந்தது. என்ன நெஞ்சழுத்தம், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஊசிக் கதை எழுதுகிறாரே என்று. இரண்டாவது முறை வாசிக்கும்போதுதான் புரிந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை. நான் போகவில்லை என்று நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்கள். உங்களுக்கு என் கடிதத்தை யாரோ மாற்றி வாசித்திருக்கிறார்கள். அந்த வித்தை எனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருஷமாக எனக்கு நடந்ததுதானே.

உங்களுக்கு வாசிக்கிறவன் பெரியவன்.

அவன் எதற்கு என் கேள்வியை உங்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். நான் எழுதுவது மெதுவாகத்தான். ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்காருகிறது.

அவனுக்கு ஒன்பது நாள் ஜுரம் வந்தபோது உங்கள் தங்கச்சி எங்கள் எட்டு மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு உங்கள் வீட்டிலேயே கிடந்தாள். "அண்ணன் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று சத்தம் போட்டேன். அவன் நெற்றித் துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அவனைப் பெரியவன் என்று முதலில் கூப்பிட்டது அவள்தான். அவள் கூப்பிட்டு நாம் எல்லாரும் கூப்பிட்டோம். உங்களுக்கு அவன் ஒரே பிள்ளை மச்சான். அவன் யாருக்குப் பெரியவன்? எங்கள் வீட்டில் என் மகளைச் சின்னவள் என்றாள். எங்களுக்கும் அவள் ஒரே பிள்ளை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு மூன்று வருஷம் முன்னால், வெளியூரில் பெரிய கட்டட வேலை என்று மனைவியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு வருஷம் போனீர்கள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தீர்கள். பட்டறையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தது நான்.

அவனுக்குத்தான் என் மகளைக் கேட்டு வந்தேன். நீங்கள் தம்ளரைக் கீழே வைக்காமல் நடக்காது என்றீர்கள்.

மச்சான், நான் இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அன்று என்ன காரியம் செய்ய வந்திருக்கிறேன். உங்களுக்குப் பத்தொன்பது வருஷம் சாபம் விட்டிருக்கிறேன். உங்கள் மனைவி இறந்தபோதுகூடத் தெருமுனை வரை வந்து, பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவன் நான்.

ஆனால் கோபம் இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. பதினோரு வருஷம் அவள் என் பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு நாள் சொல்லியிருக்கலாம். உளி பையில்தான் இருக்கிறது. அந்த வரியை எடுப்பேனா விடுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

இனி எழுதப்போவது வாசிக்கிறவனுக்கு.

மருமகனே என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. டீச்சர் அந்தப் பாடம் நடத்தவில்லை. இந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்கு உள்ளபடி வாசி. ஒரு எழுத்து விடாதே. வாசிக்கத் தெரியாதவனுக்கு நல்லது என்று நினைத்து எதையும் மாற்றி வாசிக்காதே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உளிக்காரன்


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

இது என் கை. வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். கறுப்பு வட்டத்தைத் தள்ளிவைத்து ஓரக்கண்ணால் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். இப்போது நானும் உங்கள் வேகம்தான்.

பெரியவன் உங்கள் கடிதத்தைப் பிரித்து முதல் வரியை வாசித்தான். நிறுத்தினான். காகிதம் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. "என்னடா, எழுத்து புரியலையா?" என்றேன். "புரியுதுப்பா" என்றான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தான். கடைசியில் அவனுக்கு எழுதினதையும் வாசித்தான். பிறகு போன கடிதத்தையும் எடுத்து, விட்டதையெல்லாம் வாசித்தான்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?" என்று கேட்டேன்.

"பதினாலு வயசுலேர்ந்து. கல் நட்ட அன்னிக்கு நானும் வாசிச்சேன்ல. அத்தை ஏன் என்னைப் பெரியவன்னு கூப்பிட்டுச்சுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. அம்மாகிட்ட மட்டும் கேட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா கேக்கல?"

"நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சு வச்சிருக்கீங்க. அதைப் போய் நான் ஏன்பா கெடுக்கணும்?"

அவனிடமிருந்து நான் மறைத்தேன். எனக்காக அவன் மறைத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ வாசித்த மழைப் பொய்யை நான் திருப்பிச் சொன்னபோது ஏன் அப்படியே எழுதினாய், மாற்றியிருக்கலாமே என்றேன். "உங்களுக்கு உள்ளபடி வாசிக்கத்தான் மனசு வரல. மாமாவாவது புரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றான்.

இனி உங்கள் கேள்விக்கு. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. துணிக்கடையில் கணக்கு எழுத ஒருவன் வந்திருந்தான். பிறகு இல்லாமல் போனான். அவ்வளவுதான் அவனைப் பற்றி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வெளியூர் வேலை என்று போனோம். மூன்று வருஷம் கழித்து நீங்கள் பெண் கேட்டீர்கள். அவள் சொல்லிவிடலாம் என்றாள். வேண்டாம் என்று வாயை அடைத்தவன் நான். சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை போவது ஒரு பயம், பட்டறைக்கு உளி போவது இன்னொரு பயம். எது பெரிய பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு வருஷத்துக்குக் கோபப்படுவதென்றால் என்மேல் படுங்கள்.

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "அண்ணே, அவரு கல்லுல பொய் வெட்ட மாட்டாரு. என் கல்லுல மட்டும் வெட்ட வச்சிராதே. ரெண்டு பிள்ளைன்னு போடு" என்றாள். "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா?" என்றேன். சிரித்தாள். அந்த நிலைமையில் சிரித்தாள். "இப்ப தெரியாது. ஒரு நாள் படிச்சுக்குவாரு. பிடிவாதக்காரரு. அதுக்குள்ள கோவிச்சுக்க முடியாத தூரத்துல நான் இருப்பேன்."

அதனால்தான் அன்று வாயால் பொய் வாசித்தேன், கையால் உண்மை வரைந்தேன். பாதிப் பொய்தான் என்னால் முடிந்தது.

நீங்கள் எழுபத்துமூன்று வயதில் பள்ளிக்கூடம் போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவள் நினைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை, அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். பெரியவன் பெயர் எந்தக் காகிதத்திலும் அவளோடு சேர்ந்து இல்லை. அவன் அவளுடையவன் என்று இந்த உலகத்தில் சொல்கிற ஒரே இடம் அது. அதை வெட்டினவர் நீங்கள். அழிக்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மச்சான்


ஏப்ரல் 11

மச்சானுக்கு,

உங்கள் எழுத்து நண்டு ஓடின மாதிரி இருந்தது. மூன்று இடத்தில் டீச்சரிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. அதனால் அவளுக்கும் கதை தெரியும். வகுப்புக்கே தெரியும். மீன்கார அம்மா அழுதுவிட்டு, "பரவால்ல தாத்தா, நாலு எழுத்து படிச்சதும் உங்களுக்குக் கிடைச்ச மாதிரி கதை எங்க யாருக்கும் கிடைக்கல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

உளியை எடுத்துக்கொண்டு போனேன். அதை மறைக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து உளியை அந்த வரிமேல் வைத்தேன். சுத்தியல் இன்னொரு கையில். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. காவல்காரர் வந்து, "பெரியவரே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அவளிடம் பேசினேன். திட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜுரத்துக்குச் சத்தம் போட்டபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அப்புறம் யோசித்தேன். அப்போது நான் முப்பத்துமூன்று வயது ஆள். கோபக்காரன். என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அது எனக்குப் பெருமை இல்லை.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் கல்லைத் தொடவில்லை. அதில் பொய் இல்லை. பொய் இல்லாத எழுத்தை நான் அழித்ததில்லை.

என் மகளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் போனை வைத்துவிட்டாள். நான் அவளை யாருக்குக் கேட்டுப் போனேன் என்பது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "அப்ப எனக்கு அண்ணன் இருக்கா?" என்றாள். நாற்பத்தொரு வயதுப் பெண் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள். லீவு போட்டுவிட்டு வருகிறாளாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையை மூடினபோது எனக்கு என்று ஒரு கல் எடுத்து வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். அவள் பக்கத்து இடம் எனக்கு. அதில் என்ன போடுவது என்று உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேற்று சிவப்புச் சாக் வாங்கிவந்து நானே வரைந்தேன். ஆயுசில் முதல் முறையாகக் காலடிப் பக்கம் உட்கார்ந்து வரைந்தேன். எழுத்து ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. உங்களுக்குக் கண் தெரியாதது நல்லதுதான்.

"உளிக்காரன்.
இரு பிள்ளைகளின் தகப்பன்."

வரைந்துதான் வைத்திருக்கிறேன். வெட்டவில்லை. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இது பொய்யா உண்மையா என்று என்னால் சொல்ல முடியாது. நான் பெறவில்லை, வளர்க்கவில்லை, அவன் ஜுரத்துக்குச் சத்தம் போட்டவன். சொல்ல வேண்டியவன் பெரியவன். அவன் வந்து பார்க்கட்டும். பொய் என்று சொன்னால் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன், எனக்கு வருத்தம் இல்லை. இல்லை, வருத்தம் இருக்கும். ஆனாலும் துடைத்துவிடுகிறேன். பொய் இல்லை என்றால் கல்லின் அந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நான் தலைமாட்டில் உட்காருகிறேன்.

நீங்களும் கூட வாருங்கள். அந்த வரியை உங்களுக்கு அவனே வாசித்துக் காட்டட்டும்.

கல் வெளியில்தான் இருக்கிறது. வானம் மூடிக்கொண்டு வருகிறது. இந்த முறை நிஜமான மழை. சாக் தாங்காது. சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

உளிக்காரன்